மடக்குக் கத்தியைத் தோல் உறையிலேயே விட்டு வைக்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் இருப்பதால், வேலூரில் பழைய மடக்குக் கத்தி சேர்ப்பவர்களுக்கு நல்ல உறை கிடைப்பது சுலபம். வெளியே எடுத்துப் போகும்போது உறை சரி. வீட்டிலும் அதிலேயே வைத்தால்தான் வம்பு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பு, ரசாயனத்தின் மிச்சமும் கூடினால் கார்பன் எஃகு துருப்பிடிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். நம் ஊர் மே மாத வியர்வையைச் சொல்லவே வேண்டாம்.

இரவில் அலகைத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, நாலு தடவை மடக்கி விரித்து, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழம் நறுக்கும் கத்தி என்றால் அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாங்காய் நறுக்கி அலகு நீலச் சாம்பல் நிறமானால் பதறித் தேய்க்காதீர்கள். அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். செம்பழுப்புப் புள்ளிதான் துரு.

அப்புறம், நண்பரிடம் பார்க்கக் கொடுக்கும்போது மடக்கியே கொடுங்கள். விமானம் ஏறும் நாளில் கைப்பையில் வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள்.