தையல் மெஷின் ஓடும்வரை அணில் ஓடாது

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மெஷினுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம், அதை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர். 19 வருடமாகக் குனிந்து நிமிரும்போதெல்லாம் கண்ணில் படுவது அணில்தான். பிளவுஸ் வாங்க வருகிறவர்கள், “உங்க வீட்டு அணில் மட்டும் எப்படிக்கா பயப்படாம வருது?” என்று கேட்பார்கள். நான் அதைப் பழக்கவில்லை. அதன் வழக்கம் என்ன என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சத்தம். அணில் சும்மா கத்தாது. கீழே பூனை வந்தால், அடிமரத்தில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு ‘கீச், கீச், கீச்’ என்று விடாமல் கத்தும். ஒவ்வொரு கீச்சுக்கும் வால் ஒரு வெட்டு வெட்டும். பத்து நிமிடம்கூட நீளும். அந்த நேரத்தில் அதன் மூக்கு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் பூனையோ செம்போத்தோ பாம்போ இருக்கும். போன ஐப்பசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த சாரையை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கீச்சுதான். மேலே வல்லூறு வந்தால் நடப்பது வேறு. சத்தம் பட்டென்று நின்றுவிடும், அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொள்ளும்.

சித்திரை வெயிலில், நிழல் விழுந்த சுவர்மேல் வயிற்றை ஒட்டவைத்து, நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடக்கும். செத்துப்போச்சோ என்று பதறிப்போய்த் தூக்காதீர்கள். உடம்புச் சூட்டை அப்படித்தான் ஆற்றிக்கொள்கிறது. அகலமான மண்தட்டில் தண்ணீர் வைத்தால் போதும். பூனை பதுங்க இடமில்லாத உயரத்தில் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள்.

அப்புறம், பக்கத்தில் வரவைப்பது. மெஷின் எவ்வளவு சத்தம் போட்டாலும் என் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து அணில் பாட்டுக்குக் கொறிக்கும். பாபின் தீர்ந்து நான் மெஷினை நிறுத்தினால் போதும், கடலையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். தலை நிமிரும், மீசை மட்டும் ஆடும். மறுபடி பெடலை மிதித்ததும் கொறிக்க ஆரம்பிக்கும். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்துக்கு அது பயப்படுவதில்லை, திடீர் மாற்றத்துக்குத்தான் பயப்படுகிறது. அதனால் நீங்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காருங்கள். பாத்திரம் தேய்க்கலாம், கீரை ஆயலாம், உங்கள் வேலையைச் செய்துகொண்டே இருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவோ, நைசாகப் பதுங்கிக் கிட்டே போகவோ வேண்டாம், பூனை அப்படித்தான் வரும். எனக்கு முதல் அணில் ஜன்னல் வரை வர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

ஓட்டோடு இருக்கும் பச்சை நிலக்கடலை நாலைந்து, ஒரு துண்டு தேங்காய், பழுத்த கொய்யா, இவை போதும். எலியைப் போல அதற்கும் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், அதனால் ஓட்டை உடைத்துத் தின்பது நல்லது. மிக்சர், முறுக்கு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். கையில் வைத்து ஊட்டவும் வேண்டாம். கடலை எது, விரல் எது என்று அது பல்லால்தான் பார்க்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கையில் தின்று பழகிய அணில் எல்லார் கையையும் நம்பிப் போகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கள் தெருவிலேயே கல்லெறிகிற கையும் இருக்கிறது.

கூட்டைப் பற்றி நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாரையும் பஞ்சையும் வாய் நிறைய அடைத்துக்கொண்டு, மீசை வைத்ததுபோல இரண்டு பக்கமும் தொங்க அது ஓடுவதைப் பார்த்தால் சன்ஷேடிலோ மீட்டர் பெட்டியிலோ கூடு கட்டுகிறது என்று அர்த்தம். எனக்கு அது ஆசையாக இருந்தது. ஓவர்லாக் மெஷினில் விழும் நூல் கழிவை அள்ளி மரத்தடியில் போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்து சன்ஷேடுக்குக் கீழே ஒரு குட்டி விழுந்து கிடந்தது. பின்னங்காலில் நீலப் பாலியெஸ்டர் நூல் மூன்று சுற்று. கால் வீங்கி, நூல் சதைக்குள் போயிருந்தது. பருத்தி நூலாக இருந்தால் ஒருவேளை அறுந்திருக்கலாம், இது லேசில் அறுபடாது. நூல் வெட்டும் சின்னக் கத்தரியின் நுனியை உள்ளே விட்டு ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். என் கடை நூல் அது. அன்றைக்கு நான் வேறு எதையும் தைக்கவில்லை. இப்போது நூல் கழிவெல்லாம் மூடி போட்ட டின்னுக்குத்தான் போகிறது. வெளியே வைப்பது இலவம்பஞ்சும் தேங்காய் நாரும் மட்டுமே. மீட்டர் பெட்டியில் குட்டிகள் இருந்தால் கலைக்காதீர்கள். பால்குடி மறக்கப் பத்து வாரம்போல ஆகும். எல்லாம் போன பிறகு ஓட்டையை அடையுங்கள்.

சரி, குட்டி கீழே கிடந்தால் என்ன செய்வது? மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அது உண்மை இல்லை, தைரியமாக எடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்து வந்துவிடலாம். முதலில் எறும்பைத் தட்டிவிடுங்கள். பிறகு சூடு வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, ஒரு மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டியில் குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். பாவம் என்று பசும்பால் ஊற்றாதீர்கள். வயிற்றுக்குச் சேராது, மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். பெட்டியைக் கூடு இருந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், பூனைக்கு எட்டாமல் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும், அணில் இரவில் நடமாடாது. காயம் இருந்தாலோ, பொழுது சாயும்வரை தாய் வராவிட்டாலோ கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நூல் சுற்றிய அந்தக் குட்டிக்குக் கால்நடை டாக்டர் மருந்து போட்டுக் கொடுத்தார். திரும்பிவந்து பெட்டியை சன்ஷேடில் வைத்தபோது மதியம் இரண்டு மணி. மூன்றேகாலுக்குத் தாய் வந்தது. பெட்டியின் விளிம்பில் இரண்டு முறை ஏறி இறங்கி, மூன்றாம் முறை உள்ளே குதித்து, வாயில் கவ்விக்கொண்டு மரத்துக்குத் தாவியது. குட்டி அதன் தாடைக்கடியில் பந்துபோலச் சுருண்டிருந்தது. குட்டி போய்விட்டதே என்று பெட்டியை உடனே எடுத்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் தாய் திரும்பி வந்து, வேறு ஏதாவது குட்டி இருக்கிறதா என்று அந்தத் துணியை மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டுத்தான் போனது.