வளரும் நகரத்துக்குப் பாதாளச் சாக்கடையின் கொள்ளளவைத் திட்டமிடும் முறை

பாதாளச் சாக்கடையைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணிப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால், இப்போதுள்ள குழாய்களில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அளந்துகொள்ள வேண்டும். முக்கியமான மேன்ஹோல்களில் ஓட்டமானிகளைப் பொருத்தி, வறண்ட காலத்திலும் மழைக்காலத்திலும் தொடர்ந்து சில வாரங்களாவது பதிவு செய்வது அவசியம். ஊர் உறங்கும் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை குடியிருப்புப் பகுதிக் குழாயில் ஓடுவதில் பெரும்பங்கு, விரிசல்கள் வழியே உள்ளே வரும் நிலத்தடி நீராகவே இருக்கும். மழை தொடங்கியதும் ஓட்டம் சட்டென்று உயர்ந்தால், மாடிகளின் மழைநீர்க் குழாய்களோ தெரு வடிகால்களோ சாக்கடையில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். மழை ஓய்ந்து பல நாட்களாகியும் ஓட்டம் இறங்காவிட்டால், அது கசிவின் அடையாளம். முன்னதற்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பின்னதற்குக் குழாயைப் பழுதுபார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பெரிய குழாய் பதித்தால், மழைநீரைச் சுமப்பதற்காகவே பெருந்தொகையைப் புதைத்ததாகிவிடும்.

அளவீடு கையில் வந்தபின் எதிர்காலத் தேவையைக் கணக்கிடலாம். நகரம் முழுவதற்கும் ஒரே வளர்ச்சி விகிதத்தைப் போடாமல், எந்தப் பகுதியில் அடுக்குமாடிகள் எழும், எங்கே தொழிற்கூடங்கள் வரும் என்று நிலப்பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்துப் பகுதி பகுதியாகக் கணிக்க வேண்டும். வழங்கப்படும் குடிநீரில் சுமார் 80 விழுக்காடு சாக்கடைக்குத் திரும்புவதாகக் கொள்வது வழக்கம். எடுத்துக்காட்டாக, 2 லட்சம் பேருக்குத் தலா 150 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர், அதாவது சராசரியாக நொடிக்கு 278 லிட்டர் கழிவுநீர் வரும். ஆனால் குழாய் சுமக்கவேண்டியது சராசரியை அன்று, காலை நேரத்து உச்சத்தை. பரவலாகப் பயன்படும் ஹார்மன் சூத்திரப்படி இந்த மக்கள்தொகைக்கு உச்ச ஓட்டம் சராசரியைப்போல் சுமார் 1.8 மடங்கு, 5,000 பேர் மட்டுமே வாழும் பகுதிக்கோ 3.2 மடங்கு. ஆகவே தெருக் குழாய்க்கும் முதன்மைக் குழாய்க்கும் ஒரே மடங்கைப் பயன்படுத்தக் கூடாது. இந்த உச்சத்தோடு நிலத்தடி நீர்க் கசிவைத் தனியே கூட்ட வேண்டும்.

விட்டத்தைத் தேர்வு செய்கையில் ஒரு தவறான நம்பிக்கை அடிக்கடி குறுக்கிடுகிறது. குழாயில் 80 விழுக்காடு ஆழத்துக்கு நீர் ஓடினால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு இடம் மிச்சமிருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். வட்டக் குழாயின் வடிவக் கணக்குப்படி, அந்த ஆழத்திலேயே முழுக்குழாய் ஓட்டத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு கடந்துவிடுகிறது; மேலே தெரியும் வெற்றிடம் காற்றோட்டத்துக்கானதே தவிர, வளர்ச்சிக்கான சேமிப்பு அன்று. மறுபுறம், அதே சரிவில் விட்டத்தை 300 மில்லிமீட்டரிலிருந்து 375 ஆக உயர்த்தினால் கொள்ளளவு சுமார் 80 விழுக்காடு கூடுகிறது. ஆழமாகத் தோண்டுமிடத்தில் செலவின் பெரும்பகுதி மண்வேலைக்கே போவதால், அங்கே ஒரு படி பெரிய குழாயைப் பதிப்பது பெரும்பாலும் நல்ல முடிவு.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்க ஆண்டுகளின் குறைந்த ஓட்டத்திலும் நாளுக்கு ஒருமுறையாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மண்ணும் கசடும் படிந்து, அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். அது காங்கிரீட் குழாயின் மேற்பகுதியை அமிலமாக அரிக்கும், உள்ளே இறங்கும் மனிதரைக் கொல்லும். அளவுக்கு மீறிய குழாயால் வரும் அடைப்பை நீக்க ஒருவரும் குழிக்குள் இறங்க நேரக் கூடாது என்பதால், சரிவையும் மேன்ஹோல்களுக்கு இடையிலான தூரத்தையும் இயந்திரத்தாலேயே சுத்தம் செய்யும்படி வரைபடத்திலேயே அமைத்துவிட வேண்டும். வளர்ச்சி எப்போது வரும் என்பது தெளிவாக இல்லாத இடத்தில், பிற்காலத்தில் இணையாக இன்னொரு குழாய் பதிக்க நிலத்தை ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பானது.

எல்லா உறுப்புகளுக்கும் ஒரே கால எல்லை பொருந்தாது. குழாய்களுக்கு 30 ஆண்டுகளும், பம்புகளுக்கும் மின்சாதனங்களுக்கும் 15 ஆண்டுகளும் கொள்ளலாம். சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டங்களாக விரிவாக்கலாம், ஆனால் முழு நிலத்தையும் முதலிலேயே பெற்றுவிட வேண்டும். நீரேற்று நிலையத்தின் கொள்ளளவைக் கணக்கிடும்போது, மிகப்பெரிய பம்பு பழுதாகி நிற்பதாகவே கொண்டு, மீதமுள்ளவை உச்ச ஓட்டத்தைத் தள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

திட்டம் ஒப்புதல் பெற்றபின், ஒவ்வொரு முதன்மைக் குழாய்க்கும் ஒரு கொள்ளளவுக் கணக்கேடு வைத்து, புதிய கட்டடத்துக்கு அனுமதி தரும்போதெல்லாம் அதன் உச்ச ஓட்டத்தை, சுத்திகரிப்பு நிலையம் வரையுள்ள பாதை முழுவதிலும், மிகக் குறுகிய குழாயையும் நீரேற்று நிலையத்தையும் விட்டுவிடாமல், கழித்துக்கொண்டே வர வேண்டும். நிலம் பெறவும் ஒப்பந்தம் விடவும் ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், விரிவாக்கத்தைத் தொடங்கும் நாளை, கணக்கேட்டில் மீதி தீரும் ஆண்டிலிருந்து அந்தக் கால அளவைக் கழித்தே குறிக்க வேண்டும்.