செங்குத்துக் கோட்டின் சமன்பாடு: குறியில் கோட்டை விடாமல் கண்டுபிடிக்க

பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து வடக்கே பார்த்தால் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் பக்கம் பக்கமாகப் போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணை, சாலைக்கு ஏறக்குறைய செங்குத்து. இணைக்கோடுகளுக்குச் சாய்வு ஒன்றே என்பது சட்டென்று பிடிபட்டுவிடும். மார்க் போவது செங்குத்தில்தான்.

வரைபடத்தாளில் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம் போய்ப் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். சாய்வு 2/3. அந்தக் கோட்டைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90° திருப்பினால், வலப்பக்கம் போன 3 மேலே போகும், மேலே போன 2 இடப்பக்கம் போகும். புதிய சாய்வு −3/2. பின்னம் தலைகீழாவதும் குறி மாறுவதும் ஒரே திருப்பத்தில் நடக்கின்றன. அதனால்தான் இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் −1. மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும்.

இனி கணக்கு. 2x − 3y + 6 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (4, −1) வழியே போகும் கோடு வேண்டும்.

1. y-ஐத் தனியாக்குங்கள்: y = (2/3)x + 2. சாய்வு 2/3. இதைச் செய்யாமல் x-இன் கெழுவைப் பார்த்துச் சாய்வு 2 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

2. செங்குத்துக் கோட்டின் சாய்வு −3/2.

3. புள்ளியைப் பிரதியிடுங்கள்: y − (−1) = (−3/2)(x − 4). அடைப்புக்குறியை விடாதீர்கள்.

4. இருபுறமும் 2 ஆல் பெருக்கினால் 2y + 2 = −3x + 12. அதாவது 3x + 2y − 10 = 0.

சரிபார்க்கப் பத்து விநாடி போதும்: 3×4 + 2×(−1) − 10 = 0. மூன்றாம் படியில் y − 1 என்று எழுதியிருந்தால் 3x + 2y − 14 = 0 வந்திருக்கும்; புள்ளியைப் போட்டால் −4 வந்து தவறைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்தச் சோதனை புள்ளியை மட்டுமே பார்க்கும். சாய்வு தப்பா என்று அறிய, பெருக்கி −1 வருகிறதா என்றும் பாருங்கள்.

சாலையை y = 5 என்று வைத்தால்? சாய்வு 0. அதைத் தலைகீழாக்க முடியாது, செங்குத்தான தெருவுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. −1 விதி இங்கே செல்லாது. தெரு (7, 5) வழியே போனால் சமன்பாடு நேராக x = 7.