போரைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு பேசினால், உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் பேச்சு அங்கே போய்விடும். ஆர்வம் நல்லதுதான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றால் போவது மதிப்பெண் மட்டுமில்லை. ஒரு போர் வேண்டுமா வேண்டாமா என்று நாம் எடுக்கும் நிலையே தப்பாகிவிடும்.

முதலில், எண்ணிக்கையை வைத்து வெற்றியைச் சொல்லும் பழக்கம். யாரிடம் எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். அதோடு முடிவும் சொல்லிவிடுவார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, தலைநகர் கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்றுதான் பலரும் கணித்தார்கள். கீவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ராணுவ வண்டிகள் வந்து நின்றன. டீசல் தட்டுப்பாடு, வண்டிப் பழுது, சேற்றில் இறங்க முடியாமல் தார்ச்சாலையிலேயே மாட்டிக்கொண்ட நிலை, பக்கவாட்டில் இருந்து தாக்குதல் என்று எல்லாம் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் தொடக்கத்தில் கீவைச் சுற்றியிருந்த படை பின்வாங்கிவிட்டது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற எல்லோருக்கும் 471-வது குறள் மனப்பாடம். செய்யப்போகும் வேலையின் கடினம், தன் வலிமை, எதிரியின் வலிமை, இருவருக்கும் துணை வருவோரின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொல்கிறது. வாட்ஸ்அப் பட்டியலில் வருவது இவற்றில் நடுவில் உள்ள இரண்டும்தான். ஏறக்குறைய 30 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தைப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை, உக்ரைனுக்கு வெளியில் இருந்து எவ்வளவு ஆயுதம் வரும் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் பதில் கிடையாது.

இதற்கு உக்ரைன் வரை போக வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலும் ஆற்காடு நவாபிடமும் இருந்து, பிறகு அவர்களையே எதிர்த்து நின்ற யூசுப்கான் என்ற மருதநாயகம், 1763-லும் 1764-லும் மதுரைக் கோட்டைக்குள் இருந்து போரிட்டார். 1763-ல் வந்த முற்றுகை மழைக்காலத்தோடு கலைந்தது. 1764 ஜூனில் மதிலை நேரடியாகத் தாக்கிப் பிடிக்கப் பார்த்தார்கள்; பலத்த சேதத்தோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு கம்பெனிப் படை ஏறிப் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, உள்ளே தானியம் போகும் வழிகளை அடைத்தது. பசி வந்தது, பசியோடு உட்பகையும் வந்தது. அக்டோபரில் சொந்த ஆட்களே, பிரெஞ்சுக்காரர் மார்ஷான் உட்பட, அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இன்றும் இருக்கிறது. கோட்டையில் கொஞ்சம் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மிச்சம் நிற்கிறது. மதில் கடைசிவரை தாங்கியது. உள்ளே இருந்தவர்களின் சாப்பாடும் நம்பிக்கையும் தாங்கவில்லை. ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது சப்ளை எப்படி வருகிறது, உள்ளே ஒற்றுமை எப்படி இருக்கிறது என்று தேடுங்கள்.

அப்புறம், முதல் சில வாரங்களை முடிவாக எடுத்துக்கொள்வது. 2003 மார்ச் 20 அன்று தொடங்கிய இராக் போரில் ஏப்ரல் 9-க்குள் பாக்தாத் விழுந்தது. மே 1 அன்று பெரிய சண்டை முடிந்ததாக அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்தார். அதே மாதம் இராக் ராணுவம் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி உள்ள லட்சக்கணக்கான ஆண்கள் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கப் படை வெளியேற 2011 டிசம்பர் ஆனது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இராக் பொதுமக்கள் செத்திருந்தார்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரையும் "13 நாள் போர்" என்று மட்டும் படிக்கக் கூடாது. ஏப்ரலிலேயே இறங்கலாமா என்ற பேச்சு வந்தபோது ராணுவத் தலைமைத் தளபதி மானெக் ஷா அவகாசம் கேட்டார். மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகள் பெருகும். குளிர்காலத்தில் இமயமலைக் கணவாய்கள் பனியில் மூடிவிட்டால் சீனா உள்ளே வருவது கடினம். அந்த 13 நாளுக்குப் பின்னால் பல மாத ஏற்பாடு இருக்கிறது.

நான் மிகப் பெரியதாக நினைக்கும் தவறு, "எதற்காக" என்று கேட்காமல் விடுவது. போர் என்பது அரசியலின் தொடர்ச்சி என்று பிரஷ்யத் தளபதி கிளாஸ்விட்ஸ் சொன்னதை, போருக்கு அவர் கொடுத்த அனுமதிச் சீட்டு போலப் பலர் எழுதுகிறார்கள். அது தப்பு. நெப்போலியன் போர்களில் நேரடியாகச் சண்டையிட்ட மனிதர் அவர். அரசியல் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் போர் நடக்க வேண்டும், நோக்கம் என்னவென்று தெரியாமல் இறங்கக் கூடாது என்பதுதான் அவர் வாதம்.

1999 கார்கிலில் நோக்கம் தெளிவாக இருந்தது: ஊடுருவியவர்களை வெளியேற்றுவது, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது. அந்தக் கட்டுப்பாட்டின் விலை பெரியது. நம் வீரர்கள் மேலே இருந்து சுடுபவர்களை நோக்கிச் செங்குத்தான மலையில் ஏற வேண்டியிருந்தது. 527 பேர் உயிர் கொடுத்தார்கள். ஆனால் போர் பரவவில்லை, உலக நாடுகள் பாகிஸ்தானைத்தான் நெருக்கின.

இதற்கு நேர் எதிர் 1987. இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போனது இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் காப்பாற்ற, ஆயுத ஒப்படைப்பைக் கண்காணிக்க. அக்டோபரிலேயே அது புலிகளோடு முழுப் போராக மாறிவிட்டது. போன வேலை வேறு, செய்த வேலை வேறு. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், யாழ்ப்பாணத்தில் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் உட்படப் பெருந்தொகைத் தமிழ் மக்களும் செத்தார்கள். நம் பக்கத்தில் இதை உணர்ச்சியோடு பேசுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் நோக்கம் எந்தக் கட்டத்தில் மாறியது, மாறியபோது யார் அதைக் கேள்வி கேட்டார்கள் என்றும் படிக்க வேண்டும்.

சரி, ட்ரோன். ஒரே ஆயுதம் போரையே மாற்றிவிட்டது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1973-ல் எகிப்து வீரர்கள் தோளில் சுமந்து வந்த ஏவுகணைகள் இஸ்ரேல் டாங்கிகளை நொறுக்கியபோது, டாங்கியின் காலம் முடிந்தது என்றார்கள். காலாட்படையையும் பீரங்கியையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியதும் டாங்கி திரும்ப வந்தது. 2020-ல் அஜர்பைஜான் ட்ரோன்களால் ஆர்மீனியத் தரப்பைத் திணறடித்தது உண்மை. ஆனாலும் ஷூஷா நகரத்தைப் பிடித்தது பாறைகளில் ஏறிப் போன காலாட்படை.

கடைசியாக, முதல் இரவுச் செய்தி. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் சண்டையில் கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டதாகச் சில இந்தியத் தொலைக்காட்சிகள் சொன்னன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீடியோ கேம் காட்சிகளும் போர்க்காட்சி என்று சுற்றின. அந்தச் சண்டையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாக இருந்தால், அந்த இரவுகளின் பரபரப்பை ஒதுக்கிவிட்டு, பிறகு வெளியான செயற்கைக்கோள் படங்களிலும் இரு ராணுவங்களின் அறிக்கைகளிலும் இருந்து தொடங்குங்கள். இரண்டும் மோதும் இடத்தில், மோதுகிறது என்றே எழுதுங்கள்.