மயக்கத்தை எப்போது இதயத்தின் எச்சரிக்கையாகக் கொள்வது?

இதயத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள இரண்டு இதயவறைகளே நுரையீரலுக்கும் உடலுக்கும் குருதியைத் தள்ளுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையான துடிப்பை மேலேயுள்ள சோணையறையில் மின்தூண்டலை எழுப்பும் கணு ஒன்று வழிநடத்துகிறது. அந்தக் கட்டளையை மீறி இதயவறைத் தசையிலேயே மின்தூண்டல் எழுந்து சுழலத் தொடங்கினால், துடிப்பு மிக வேகமாகி, அறை நிரம்ப நேரமின்றி, குருதியழுத்தம் வீழ்கிறது. இதனை வைத்தியர்கள் வீ.ரி. (இதயவறை மிகைத்துடிப்பு) என்பர். தசையிழைகள் ஒழுங்கிழந்து வெறுமனே நடுங்கும் நிலை வீ.எப். (இதயவறை நடுக்கம்); அதில் குருதி சிறிதும் வெளியேறாததால் சில வினாடிகளில் நினைவு தப்பிவிடும்.

இடையிடையே ஒரு துடிப்புத் தவறியதுபோல் தோன்றுவது நலமான இதயத்தில் பெரும்பாலும் தீங்கற்றது. யாருடைய இதயத்தில் அது நேர்கிறது என்பதே முக்கியம். முன்பு மாரடைப்பு வந்து இதயத்தசையில் தழும்பு உள்ளவர்கள், எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனையில், இதயவறையில் நிரம்பிய குருதியில் ஒரு துடிப்புக்கு வெளித்தள்ளப்படும் அளவு 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர்கள், இதயத்தசை தடித்தவர்கள் ஆகியோரின் ஆபத்து அதிகம். ஆகவே எக்கோ அறிக்கையையும் பழைய ஈ.சி.ஜி. (இதய மின்பதிவு) தாளையும் கிளினிக் கொப்பியுடனேயே வைத்திருங்கள்.

ஆடிவேல் நாளில் வெயிலில் நெடுநேரம் நின்றவருக்கு வியர்த்து, குமட்டி, கண் மெல்ல இருண்டு வரும் மயக்கம் பொதுவாகப் பயப்பட வேண்டியதல்ல. ஆனால் ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிட்டபோதோ, படுத்திருக்கும்போதோ முன்னறிகுறி ஏதுமின்றி ஒருவர் விழுந்தால், எழுந்தபின் அவர் முற்றிலும் நலமாகத் தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூளைக்குக் குருதி செல்லாதபோது கைகால் வெட்டுவதும் உண்டு. அதை வலிப்பென்று எண்ணிக் கையில் இரும்புத் திறப்பைக் கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதை மறைக்காது சொல்லுங்கள், ஏனெனில் பரம்பரைக் கோளாறுகள் பலவற்றுக்கு அதுவே முதல் தடயம்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். வாந்திக்கான டொம்பெரிடோன், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், மனநோய்க்கான ஹலோபெரிடோல் ஆகியன ஈ.சி.ஜி.யில் கியூ.ரி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயவறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரத்தை, நீட்டக்கூடியவை. இதய வேகத்துக்கேற்பத் திருத்திய அந்த இடைவெளி 500 மில்லிவினாடியைத் தாண்டும்போது உயிராபத்தான வீ.ரி. வரும் சாத்தியம் கூடுகிறது. வயிற்றோட்டத்தாலோ சலம் போகும் மாத்திரையாலோ பொற்றாசியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். புதிய மருந்து எழுதப்படும்போது, ஏற்கெனவே எடுப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தயங்க வேண்டாம்.

விழுந்தவர் அழைத்தும் பதிலளிக்காது, வழமையாக மூச்சுவிடாமல் இருந்தால், உடனே இலங்கையின் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். இடைவிட்டு வரும் குறட்டை போன்ற திணறலை மூச்செனக் கொள்ளாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாமல், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். மார்பை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி கிடைக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வீ.எப். நோயாளி பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. மாலை நெரிசலில் கொழும்பின் காலி வீதியில் (கோல் றோட்) நிற்கும் முச்சக்கர வண்டிக்குள் மார்பை அழுத்த முடியாது. எனவே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, விழுந்த இடத்திலேயே அழுத்தத் தொடங்குவதே மேல்.

நினைவுடன் இருப்பவருக்குப் படபடப்போடு நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ இருந்தால் தாமே வாகனம் ஓட்டக் கூடாது. படபடப்பு நீடிக்கும்போதே எடுக்கப்படும் ஈ.சி.ஜி. நோயை இனங்காண மிகவும் உதவும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சையாக பீற்றா தடுப்பிகள், அமியோடரோன் ஆகிய துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும், கோளாறான இடத்தைச் சுட்டு அழித்தலும், ஆபத்தான துடிப்பைக் கண்டறிந்து தானே மின்னதிர்ச்சி கொடுக்கும், உடலில் பொருத்தப்படும் ஐ.சி.டி. கருவியும் உள்ளன. அமியோடரோன் எடுப்பவர்கள் தைரொயிட், ஈரல் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. ஐ.சி.டி. பொருத்தியவர் ஒரேயொரு அதிர்ச்சியை உணர்ந்து, பின் நலமாக இருந்தால் அன்றே கிளினிக்குக்கு அறிவிக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு அதிர்ச்சிகள் வந்தாலோ, ஒன்றுக்குப் பின்னரே சோர்ந்து போனாலோ, 1990 ஐ அழைக்க வேண்டும்.