மூட்டை தூக்கும் முன் முழங்காலை மடக்குங்கள்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர்களிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால் சிரிப்பார்கள். நியாயம்தான். ஆனால் வயல் வேலை உடம்பை முன்பக்கமாகவே வளைக்கிறது. அதை நிமிர்த்தத் தனியாகக் கொஞ்சம் செய்தாக வேண்டும்.

யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அதை முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மூட்டையை ஒட்டி நின்று, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடக்குங்கள். மூட்டையை வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டபடி கால் பலத்தில் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வையுங்கள்; இடுப்பை முறுக்காதீர்கள். பழகிப் பார்க்க மூட்டை வேண்டாம், பாதி நிரம்பிய குடம் போதும்.

தண்ணீர் எடுக்கும்போது ஒரே இடுப்பில் குடத்தைச் சுமக்காமல், இரண்டு கையிலும் சம எடையில் வாளி பிடித்து நிமிர்ந்து நடங்கள். மதுரை ஜிம்களில் இதைக் காசு கொடுத்துச் செய்கிறார்கள்!

நடவுக்கு நடுவே வரப்பேறி, இடுப்பில் கை ஊன்றி, மெதுவாகப் பின்பக்கம் ஐந்தாறு முறை சாயுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.