ஓவர்கிளாக் செய்த பின் கணினி துவங்கவில்லையா? படிப்படியாகச் சரிசெய்யும் முறை

பயாஸில், அதாவது கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் அமைப்பு மென்பொருளில், பிராசசரின் வேகத்தை இயல்பு அளவுக்கு மேல் கூட்டி (இதுவே ஓவர்கிளாக்) சேமித்த பிறகு, மின்விசிறி சுற்றியும் திரையில் எதுவும் தெரியாவிட்டால், பிராசசர் எரிந்துவிட்டது என்றே புதியவர்கள் முதலில் அஞ்சுகிறார்கள். அவ்வாறு நேர்வது மிக அரிது. நீங்கள் கொடுத்த வேகத்திலும் மின்னழுத்தத்திலும் கணினியால் தன் துவக்கச் சோதனையை முடிக்க இயலவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. சேமித்த அமைப்பை அழித்தால் கணினி மீண்டும் எழுந்துவிடும்.

முதலில் பொறுத்திருங்கள். டி.டி.ஆர்.5 ராம் உள்ள மதர்போர்டுகள், குறிப்பாக ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 வகைப் போர்டுகள், அமைப்பு மாறியதும் ராமைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். பல போர்டுகள் சில முறை தோற்றபின் தாமாகவே பாதுகாப்பான அளவுக்குத் திரும்பி, ஓவர்கிளாக் தோற்றதாகத் திரையில் அறிவிக்கும்.

அடுத்து, கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கும். ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு அணையாமல் நின்றால், பெரும்பாலும் சிக்கல் ராமின் வேகத்தைக் கூட்டும் ஆயத்த அமைப்பான எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவில் இருக்கும். விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத்திரையில் ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ என்றோ ‘வியா அன்கரெக்டபிள் எரர்’ என்றோ காட்டினால், அந்த வேகத்திற்குப் பிராசசர் மின்னழுத்தம் போதவில்லை என்று முதலில் ஐயுறலாம். இந்நிலையில் கேபினெட்டைத் திறக்க வேண்டியதில்லை. டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று, இயல்பு அமைப்பை ஏற்றினாலே போதும்.

பயாஸுக்கே போக முடியாவிட்டால்தான் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தை, அழிக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸை அணைப்பதோடு நில்லாமல் கேபினெட்டின் பின்னால் உள்ள மின்வடத்தையும் உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, போர்டில் சி.எல்.ஆர். சிமாஸ், சி.எல்.ஆர்.டி.சி., ஜேபேட்1 என்ற பெயர்களில் ஒன்றைத் தாங்கிய இரண்டு ஊசிகளைத் தேடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அவ்விரண்டையும் பத்து நொடி இணைத்தால் அமைப்பு அழியும். ஊசிகள் இல்லையென்றால் வட்ட வடிவ சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பேட்டரி பழையதாயின் புதிதே வாங்கிவிடலாம். மதுரையில் டவுன் ஹால் ரோடு பக்கம் எந்த வாட்ச் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள்.

இதன் பிறகு வரும் சிக்கல்களே பலரைக் குழப்புகின்றன. சிமாஸ் அழியும்போது ஓவர்கிளாக் மட்டுமன்றி, தேதி, துவக்க வரிசை, ஹார்டு டிஸ்க் முறை ஆகியவையும் இயல்புக்குத் திரும்பிவிடுகின்றன. முன்பு ரெய்டு அல்லது வி.எம்.டி. எனும் டிஸ்க் முறையில் விண்டோஸ் நிறுவியிருந்தால், இப்போது ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நிற்கும். பழைய முறையை மீண்டும் தேர்ந்தெடுத்தால் போதும், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். ஆகவே, ஓவர்கிளாக் செய்யத் தொடங்கும் முன்பே அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினி எழுந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டுங்கள். முதலில் ராமின் எக்ஸ்.எம்.பி. மட்டும், அது நிலைத்த பிறகு பிராசசரின் பெருக்கியை (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்னும் எண்) ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓ.சி.சி.டி. போன்ற சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். நம் ஊரில் இச்சோதனையை எப்போது செய்கிறோம் என்பது மிக முக்கியம். அறையின் வெப்பம் 10 பாகை கூடினால் பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். சூடு ஏற ஏற, அதே வேகத்திற்கு நிலைப்புத்தன்மை குறையும். மார்கழி இரவில் நன்றாக ஓடிய அமைப்பு, சித்திரை மாத மதுரையில், ஏ.சி. இல்லாத மாடி அறையில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கவிழ்ந்துவிடுவது இதனால்தான். எனவே வெயில் நேரத்தில் சோதித்து நிலைக்கும் வேகத்தையே உங்கள் வேகமாகக் கொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 பாகை செல்சியஸும், இன்டெலின் அண்மைக்கால கே வரிசையில் பலவற்றுக்கு 100 பாகையும் உச்ச வரம்பு. சோதனையில் அந்த வரம்பைத் தொட்டால் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துவிடுங்கள்.

சிமாஸை அழித்தும் எழவில்லையெனில், போர்டின் கையேடு காட்டும் துளையில் ஒரே ஒரு ராமை மட்டும் செருகிப் பாருங்கள். பிராசசருக்கான 8 ஊசி மின்வடம் நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், அதே வகை சாக்கெட்டில் வேறொரு பிராசசரை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தீர்கள், பெருக்கியை எங்கே வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் மெக்கானிக்கிடம் கூறுங்கள். எங்கே தேடுவது என்பதை அவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.